லிஸ்ட்டில் விட்ட பெயர்

மைக்கை அணைத்தால் ஸ்பீக்கரில் ஒரு 'டொப்' வரும். ஈரத் துணியைத் தரையில் போட்ட மாதிரி. கல்யாண மண்டபமோ கட்சிக் கூட்டமோ, அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும் ராயபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஞாபகம் வருகிறது.

பாட்டு எழுதுகிறவர்களுக்கான விழா அது. எழுதியவரே பாடவேண்டும். நான் இரண்டுக்கும் பேர் கொடுத்திருந்தேன்: பாடவும், தன்னார்வலராக ஓடியாடி வேலை செய்யவும். கழுத்தில் ஓர் அட்டை மாட்டிவிட்டு, கையில் இன்னொன்று கொடுத்தார்கள். ஒரு பக்கம் 'ஒரு நிமிடம்', மறுபக்கம் 'முடிக்கவும்'. மேடைக்குக் கீழே நின்று பாடுகிறவருக்குக் காட்டவேண்டும். காட்டினேன். நெட்டுக்குப்பத்திலிருந்து ஒருவர், கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததைப் பாட்டாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இறால் செத்த வரிக்கு அவர் வந்தபோது 'முடிக்கவும்' காட்டினேன். என்னைப் பார்த்தபடியே நிறுத்திக்கொண்டார். இன்றைக்கு நான் யார்மேல் கோபப்பட்டாலும் அதில் என் பங்கும் உண்டு.

நான் கொண்டுபோனது ஒரு சாவு வீட்டுப் பாட்டு. எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் கானா பாடுவோம். செத்தவர் பெயர், அவர் தெரு, பார்த்த வேலை, விட்டுப்போன உறவு எல்லாவற்றையும் பாட்டுக்குள் கட்டவேண்டும். உறவுகளின் பெயர்களை வீட்டுக்காரர்கள் துண்டுச்சீட்டில் எழுதித் தருவார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் பந்தலிலேயே சண்டை.

போன வருடம் கொருக்குப்பேட்டையில், துறைமுகத்தில் கப்பல்மேல் கன்டெய்னர்களை இறுக்கிக் கட்டும் வேலை பார்த்த ஒருவருக்குப் பாடியது அது. லிஸ்ட் தந்தது அவருடைய அண்ணன். அம்மா, தங்கைகள், மச்சான், மாமன் மகன் வரைக்கும் இருந்தது. பாடி முடித்து டீ கிளாஸை வாயில் வைக்கும்போது, பந்தலுக்கு வெளியே நின்றிருந்த ஒரு பெண் கிட்டே வந்தார்.

"எல்லார் பேரும் சொன்ன. என் பேரு எங்க நைனா?"

செத்தவரோடு பதினோரு வருடம் திருவொற்றியூரில் குடித்தனம் நடத்தியவர். தாலி ஏறவில்லை, அதனால் லிஸ்ட்டில் ஏறவில்லை. எனக்குத் தெரியாதுக்கா என்றேன். தெரியலைன்னா கேட்டிருக்கணும் என்றார்.

அந்த அக்காவுக்காக ஒரு சரணம் எழுதிக் கடைசியில் சேர்த்தேன்.

லிஸ்ட்டுல வுட்ட பேரு - அவன்
தட்டுல சோறு வச்ச பேரு

அதற்கடுத்த சொல் அவர் பெயர். பாட்டில் வரட்டும், காகிதத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதனால் இங்கே இல்லை.

விழாவில் பாடுவதாகச் சொன்னதும் அண்ணன் குடும்பத்தோடு வந்துவிட்டார். தம்பி பெயர் மேடையில் வருகிறதே என்ற சந்தோஷம். புதுச் சரணம் இருப்பது அவருக்குத் தெரியாது. அந்த அக்காவும் வந்திருந்தார், இஸ்திரி போட்ட புடவையில். அண்ணன் காதில் தன் பெயர் விழவேண்டும், நாலு பேர் நடுவில் விழவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அவரை முன்வரிசையில் உட்காரவைத்தேன். சிறப்பு விருந்தினருக்கான நாற்காலி என்று எழுப்பிக் கடைசிக்கு அனுப்பினார்கள். அனுப்பியவர் கழுத்திலும் என் கழுத்தில் தொங்கிய அதே அட்டை.

ஒருங்கிணைப்பாளர் ஒரு சின்ன வயதுப் பெண். மரியாதையான பெண்தான், அதைக் குறை சொல்லமாட்டேன். என் பாட்டைத் தாளில் படித்துவிட்டு ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, பீட் செமையா இருக்கு. கடைசியில வர்ற பேரெல்லாம் மட்டும் வேணாமே. பொதுவா இருந்தா எல்லாரும் கனெக்ட் ஆவாங்க."

பொதுவாம். சாவு எந்த ஊரில் பொதுவாக வந்தது? அது ஒரு தெருவில் நுழைந்து, ஒரு கதவைப் பார்த்து, ஓர் ஆளைத்தானே தூக்கிக்கொண்டு போகிறது. எங்கள் அடி வேண்டும், எங்கள் விசில் வேண்டும், யாருக்காக அழுதோம் என்பது மட்டும் வேண்டாமா? எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அக்காவின் கதை உட்பட. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பார்த்துக்கலாம் அண்ணா என்றார்.

'வடசென்னையின் எனர்ஜி' என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். நாங்கள் என்ன கரண்ட்டா?

என்னோடு வாசிக்க வந்த தோஸ்து டோலக்கில் கைவைத்தான். முதல் இரண்டு சரணத்துக்கும் விசில் பறந்தது. மூன்றாவது சரணம் உறவுகள். தன் பெயர் வந்ததும் அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தார். அப்போது வாசலில் சலசலப்பு, சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். கீழே நான் நின்ற இடத்தில் வேறொருவர் நின்று, என் அட்டையை எனக்கே காட்டினார்: முடிக்கவும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைசிச் சரணத்தை எடுத்தேன். லிஸ்ட்டுல வுட்ட பேரு...

டொப்.

மைக் இல்லாமல் பாடினேன். தோஸ்து புரிந்துகொண்டு டோலக்கிலிருந்து கையை எடுத்தான். அந்தப் பெயரை அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அதற்குள் கூட்டம் முழுக்க எழுந்து வாசல் பக்கம் திரும்பி நின்றது. அண்ணனின் முதுகைத்தான் பார்த்தேன். கைதட்டினார்கள். எனக்கில்லை, வந்தவருக்கு.

கழுத்து அட்டையைக் கழற்றி ஒருங்கிணைப்பாளர் மேஜையில் போட்டேன். அடுத்த தடவை ஃபுல்லா பாடலாம் அண்ணா என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் இன்னும் ஆத்திரம்.

அக்கா கேட்டில் நின்றிருந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தேன். விழாவை, விருந்தினரை, மைக்செட்காரரை, ஒருவர் விடாமல் திட்டிக்கொண்டே போனேன். அவர் பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு நடந்தார். மைக் போனாலும் உன் பேரை விடலைக்கா, சொல்லிட்டேன் என்றேன். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

திருவொற்றியூர் பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"எனக்குக் கேட்டுச்சு. எனக்கு என் பேரு தெரியாதா இன்னா? அவங்களுக்குத்தான் கேக்கல நைனா."