தலை சாய்க்காத டீச்சர்

எழுபதுகளில் காரைக்காலில் என் ஸ்டுடியோவில் இருந்தது, அரண்மனைத் தூண் வரைந்த ஒரே ஒரு திரைதான். பெண் பார்க்க அனுப்பும் படமெல்லாம் அதன் முன்னால்தான் எடுத்தேன்.

ஒருநாள் தலத்தெரு டீச்சர் ஒருவர் அப்பாவோடு மறுபடியும் வந்தார். உயரமானவர், எதிரே இருப்பவரைக் கண் சிமிட்டாமல் பார்ப்பார்.

"'நாங்க வேணாம்னு சொன்ன பொண்ணுதானே இது'ன்னு மாப்பிள்ளை வீட்டுல படத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்க வேணாம்னது இதே திரை முன்னால எடுத்த வேற பொண்ண. திரைய மாத்துங்க தம்பி," என்றார் அப்பா.

"திரை கெடக்கட்டும்ப்பா." டீச்சரே திரை முன்னால் இருந்த நாற்காலியை ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி திருப்பிப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூக்குக்கண்ணாடியக் கழட்டிட்டு, தலையக் கொஞ்சம் சாய்ங்கம்மா," என்றேன், எல்லாரிடமும் சொல்வதுபோல.

"அப்படிச் செஞ்சுதான் போன தடவ இன்னொருத்தி ஆனேன். இப்படியே எடுங்க."

"இப்படி மொறச்சா எவன் கட்டுவான்?" என்றார் அப்பா.

"வகுப்புல இப்படித்தான் பார்ப்பேன். பயப்படாதவன் வரட்டும்."

எடுத்தேன். அதே திரைதான், ஆனால் அப்படியொரு முகம் அதன் முன்னால் அதுவரை உட்கார்ந்ததில்லை.

கிளம்பும்போது அப்பா என் காதருகே, "சாய்ச்ச மாதிரி ஒண்ணு எடுத்து வச்சுக்கலாமா தம்பி?" என்றார். வாசலிலிருந்து டீச்சர் திரும்பிப் பார்த்தார். நான் சட்டென்று கேமராவை மூடினேன்.

அந்தப் பார்வைக்கு எதிரே உட்கார எவன் வந்தானோ, தெரியாது. வந்திருந்தால் நல்லவனாகத்தான் இருப்பான்.