பைக்கு மட்டும் ராகு காலம்

டிஸ்பாட்ச் வேலைக்கு வரும் பிள்ளைகள் லோடு ஏற்றுவதையும் சீல் வைப்பதையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அது பெரிய விஷயமில்லை. ஒரே கேட்டுக்குள் மூன்று விதமான கடிகாரம் ஓடும். அதுதான் ஆளைக் கொல்லும். எனக்கு ரத்த அழுத்தம் வந்தது அதனால்தான் என்று இன்றும் சொல்வேன். டாக்டர் ஊறுகாய் என்கிறார்.

விராலிமலைக்குப் பக்கத்தில், காற்றாலைக்கு இரும்பு பிராக்கெட் செய்யும் கம்பெனியில் டிஸ்பாட்ச் பொறுப்பில் இருந்தேன். டென்மார்க்குக்கு முதல் கன்டெய்னர் அனுப்பும் நாள் அது, வெள்ளிக்கிழமை. சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து வந்த யென்ஸ் என்பவர் இரண்டு மாதமாக எங்களோடு இருந்தார். காலை பதினொரு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும், மாலை ஆறு மணிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கேட்டை மூடிவிடுவார்கள் என்று வாரம் முழுதும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வண்டி கோட்டைப்பட்டினம் சாகுல் ஹமீதுடையது. புது டிரெய்லர்; ஓட்டுவதும் அவரே. நேரத்துக்குச் சேர்த்தால் ஓராண்டு ஒப்பந்தம் அவருக்கு. தவறினால் சென்னைக் கம்பெனி ஒன்று காத்திருந்தது. சாகுலைச் சிபாரிசு செய்தவன் நான். ஆகவே முதல் நாள் இரவே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பத்து மணிக்கு லோடு முடிந்தது. இருநூற்று நாற்பது உருப்படி. இரண்டு முறை எண்ணினேன். அப்போதுதான் லோடிங் மேஸ்திரி கருப்பையா வந்தார்.

“சார், இப்பவே விட்டுருவோம். பத்தரைக்கு ராகு காலம்.”

“பதினொண்ணுன்னு போட்டிருக்காருய்யா.”

“மொத லோடு சார். ராகு காலத்துல நான் கேட்டத் தொறக்க மாட்டேன். பாய்க்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக. வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அதுக மூஞ்சில யாரு முழிக்கிறது?”

யென்ஸிடம் போனேன். முன்கூட்டி அனுப்ப முடியாது என்றார். பத்தே முக்காலுக்கு அவர் கடைசியாக எண்ணுவார், அதன் பிறகுதான் சீல். சீக்கிரம் போவதும் தப்புத்தான் என்றார். எனக்கு அது புதிது. நம் ஊரில் தாமதம்தான் தப்பு, சீக்கிரம் போகிறவன் கெட்டிக்காரன். ராகு காலத்தை விளக்கினேன். தினமும் ஒன்றரை மணி நேரம் என்றதும் மனசுக்குள் கணக்குப் போட்டு, “அப்படியானால் வாரத்துக்குப் பத்தரை மணி நேரம் வீணா?” என்று கேட்டார். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை மட்டும் எண்ணியதே இல்லை. எரிச்சலாக வந்தது.

கருப்பையாதான் வழி சொன்னார். “பரஸ்தானம் வச்சுருவோம் சார்.”

கெட்ட நேரத்தில் பயணம் கிளம்ப வேண்டி வந்தால், நல்ல நேரத்திலேயே ஒரு பொருளை எடுத்துப் போய் வெளியே எங்காவது வைத்துவிடுவது வழக்கம். பிறகு எப்போது போனாலும், அந்தப் பொருளை வைத்த நேரம்தான் கிளம்பிய நேரம். அதன்படி ஒரு பிராக்கெட்டை எடுத்து, பத்து இருபதுக்கு எதிர்த்த டீக்கடையில் வைத்துவிட்டு வந்தார்கள். நானும் சம்மதித்தேன்.

யென்ஸ் எண்ணினார். இருநூற்று முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினார்.

“ஒன்று எங்கே?”

“டீக்கடையில்.”

“ஏன்?”

“அது முன்னாலேயே கிளம்பிவிட்டது” என்றேன். ஆங்கிலத்தில் சொல்லிக் கேட்டபோது எனக்கே நன்றாகப் படவில்லை.

அந்த ஒன்று திரும்பி வராமல் சீல் கிடையாது என்றார். வந்தது. சீலும் வைத்தாகிவிட்டது. வைத்த பொருள் திரும்பி வந்துவிட்டால் பரஸ்தானம் செல்லாது என்று கருப்பையா கேட்டின் மேல் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மணி பத்து ஐம்பத்தேழு. என் வாட்சைப் பார்ப்பதும் யென்ஸ் முகத்தைப் பார்ப்பதுமாக நின்றேன்.

கேபினிலிருந்து சாகுல் கருப்பையாவைப் பார்த்துத் தலையை நீட்டினார். “ஏண்ணே, பயணம் போறது நானா, இரும்பா?”

“நீதான் மாப்ள.”

“என் பை காலைல எட்டு மணிலேருந்து டீக்கடை பெஞ்சுலதானே கெடக்கு? டீ குடிக்கப் போனப்ப வச்சது. எனக்கு ராகு காலமெல்லாம் கெடையாது. பைக்கு வேணா இருந்துட்டுப் போகட்டும்.”

கருப்பையா ஒரு நிமிடம் யோசித்தார். “அப்ப வண்டி எட்டு மணிக்கே கெளம்பிருச்சு சார்!” என்று கேட்டைத் திறந்துவிட்டார். மணி பதினொன்று. யென்ஸ் என் நிர்வாகத் திறமையைப் பாராட்டிக் கைகொடுத்தார்.

அப்போதுதான் எனக்கு அடுத்த கவலை வந்தது. வண்டியின் பின்னாலேயே டீக்கடை வரை போய்க் கேட்டேன். “பாய், இன்னிக்கு ஜும்ஆ தொழுகையாச்சே?”

“பிரயாணிக்கு அதுல சலுகை இருக்கு சார். போற வழியில மத்தியான லுஹர் தொழுதுக்கிறேன், சுருக்கமாத்தான். நீங்க மொதல்ல மாத்திரையப் போடுங்க” என்று பையை எடுத்துக்கொண்டு ஏறினார்.

மதுரையைத் தாண்டி ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து கிடந்ததாம். நான்கு மணிக்குச் சாகுலிடமிருந்து போன் வந்தது. அதிலிருந்து நான் உட்காரவில்லை. ஆறு பத்துக்கு மறுபடி கூப்பிட்டார். “சார், இப்பத்தான் வந்தேன், கேட்டுக்கு வெளியே லாரி வரிசையில நிக்கிறேன். போச்சா சார்?” அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

யென்ஸிடம் ஓடினேன். சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். கேட் எட்டு மணிக்குத்தான் மூடும் என்றார்.

“ஆறு என்றுதானே சொன்னீர்கள்?”

“எட்டு என்று சொல்லியிருந்தால் வண்டி எத்தனை மணிக்கு வந்திருக்கும்?”

எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். அவருடைய ஊரிலும் இப்படித்தானாம்; இடைஞ்சலுக்கென்று ஒதுக்கி வைக்கும் நேரம், அதற்குப் பஃபர் என்று பெயர். அங்கே அரை மணி நேரம் வைப்பார், இங்கே இரண்டு மணி நேரம். நான் கால் கடுக்க நின்ற நேரத்தை யாரிடம் கேட்டு வாங்குவது? ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டேன். “சாகுலுக்குத்தான். வண்டி உள்ளே போய்விடுமே” என்றார். எட்டு மணி விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

சாகுலிடம், உள்ளே விடுவார்கள் போங்கள் என்று மட்டும் சொன்னேன்; எட்டு மணியைச் சொல்லவில்லை. மறுநாள் கருப்பையாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

“அப்ப தொரையும் ரெண்டு மணி நேரத்தக் கொண்டுபோயி டீக்கடையில வச்சிருந்திருக்காருன்னு சொல்லுங்க!”

அதன் பிறகு யார் எந்த நேரம் சொன்னாலும் நான் உடனே எழுதிக்கொள்வதில்லை. இடைஞ்சல் வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டுவிடுவேன். எல்லாரிடமும் ஒரு வழி இருக்கிறது. நாமாகக் கேட்காமல் யாரும் சொல்வதில்லை. டீக்கடையில் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். வாட்சைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு.