தைக்காமல் விட்ட கட்டம்

எழுபதுகளில் நான் பரமட்டாவில் ஒரு தையல் பக்டரியில் வேலை செய்தனான். என்ர புருசன் செத்து இரண்டு வருசத்தில் அண்ணா என்னைச் சிட்னிக்குக் கூப்பிட்டு எடுத்தவர். ஐஞ்சாம் வகுப்போட நிண்ட எனக்கு இங்கிலீசும் வராது, ஆக்களோட கதைக்க வாயும் வராது.

பக்கத்து மிசினில் இருந்தவ ஒரு பலஸ்தீனப் பொம்பிளை. சின்னனில ஊரை விட்டு ஓடி, லெபனானில் முகாமில் வளர்ந்தவ. இரண்டு பேரின்ர இங்கிலீசும் உடைசல்தான், அதால அவவோட மட்டும் எனக்குக் கூச்சமில்லை. ஒருநாள் தாயின்ர சட்டையைக் கொண்டுவந்து காட்டினா. நெஞ்சு நிறையச் சிவப்பு நூலில் பூவேலை. அவையின்ர ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு பூவேலையாம். தாயின்ர ஊரை இடிச்சுப் போட்டாங்கள், இப்ப இந்தச் சட்டையில மட்டும்தான் இருக்கு எண்டா.

அந்த வருசம் அவையின்ர ஆக்கள், ஊர் இழந்த நாளை நினைக்க ஒரு பெரிய துணி தைக்க வெளிக்கிட்டினம். கட்டம் கட்டமாய் ஒவ்வொரு பொம்பிளையும் தன்ர ஊரைத் தைக்க வேணும். அந்த நேரம் பார்த்து இவவின்ர விரலில மிசின் ஊசி ஏறிப்போட்டுது. தன்ர கட்டத்தை என்னைத் தைச்சுத் தரச் சொல்லிக் கேட்டா. மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் வெட்டுத்துணியில் பழகிப் பழகி, சட்டையைப் பாராமலே தைக்கிற அளவுக்கு வந்திட்டன். அவ அரசியல்காரி, சேராதே எண்டு பக்டரியில சிலர் என்னட்டைச் சொன்னது அவவுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சேர்ச் ஹோலில் துணியை விரிச்சு வைச்சிருந்தினம். சுத்திவரப் பெண்டுகள். ஆரும் இன்னும் தொடங்கேல்லை. இவ சிவப்பு நூலைக் கோர்த்து என்ர கையில தந்து, விருந்தாளிதான் முதல் தையல் போட வேணும் எண்டா.

எனக்குக் கை கூசிப் போச்சு. அண்ணாவின்ர மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டிலேயே நான் குசினியை விட்டு வெளியில வரேல்லை. புருசன் இல்லாதவள் ஒரு காரியத்தைத் தொடக்கி வைக்கிறதோ? கையை இழுத்திட்டன். விளங்கப்படுத்த இங்கிலீசு வரேல்லை, வெக்கமும்.

“நீயும் பயப்பிடுறியோ?” எண்டு கேட்டா.

ஊசியை மேசையில வைச்சிட்டு ரெயின் ஏறி வந்திட்டன். திங்கட்கிழமை அவ வேற மிசினுக்கு மாறிப் போயிருந்தா.

நினைவு நாளன்று போய்ப் பின்னுக்கு நிண்டனான். துணி சுவரில தொங்கினது. கீழ் மூலையில அவவின்ர கட்டம் மட்டும் வெள்ளையாய். மற்றவைக்குத் தங்கட ஊரைத் தைக்கவே நேரம் காணேல்லையாம். அவ கிட்ட வந்தா. வழி முழுக்கப் பாடமாக்கினதைச் சொன்னன்: புருசன் செத்தவள், என்ர கை கூடாது, அதுதான்.

அவ துணியைக் காட்டினா. “இதைத் தைச்சவையில பாதிப் பேர் விதவையள்தான்,” எண்டா.

நான் ஊசி கேட்டனான். ஆனால் துணி காட்சிக்கு வைக்க அண்டைக்கே மெல்பேர்னுக்குப் போக வேணும். ஏணி வைச்சுக் கழட்டத் தொடங்கிவிட்டினம். பிறகு அவதான் சொன்னா, அங்க பார்த்த சனம் அந்த வெள்ளைக் கட்டம் எந்த ஊர் எண்டு கேட்டவையாம். சொல்ல ஆளில்லை.