சாது என்றொரு மிளகாய்

அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தாள். சேரும்போது வயது இருபத்தொன்று. அலமாரி துடைக்கத்தான் எடுத்தார்கள். லென்ஸ் பொருத்துகிறவர் ஒரு வாரம் சொல்லாமல் நின்றுவிட்டார். வாசலில் ஆள் காத்திருந்தது. அம்மா பார்த்துப் பார்த்து மனதில் வைத்திருந்ததைச் செய்துகாட்டினாள். பழைய ஆள் திரும்பி வந்தபோது அவருக்கு அலமாரி துடைக்கிற வேலைதான் மிச்சம் இருந்தது என்பார் அப்பா. அப்பா எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்.

அவள் மேஜை கடையின் பின்னறையில் இருந்தது. லென்ஸ் ஓரம் தேய்க்கும் சக்கரம், ஃபிரேமைச் சூடாக்கும் சின்னப் பெட்டி, நான்கு திருப்புளி, இரண்டு இடுக்கி. ஒரு கண்ணாடி வளைந்திருக்கும் விதத்தை வைத்தே அதற்குரியவர் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறார் என்று சொல்லிவிடுவாள்.

"ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்கிற மனுஷன நான் இன்னும் பாக்கல" என்பாள்.

அவளுடைய சொந்தக் கண்ணாடியில் இடது பக்கத் திருகுக்குப் பதில் ஒரு துண்டு செப்புக் கம்பிதான் கடைசி வரை இருந்தது.

அப்பா நெடுந்தூர லாரி ஓட்டினார். தூக்கம் வந்தால் டீ குடிக்க மாட்டார். பச்சை மிளகாயைக் கடிப்பார். வீட்டிலும் வேளைக்கு இரண்டு தட்டோரத்தில் வேண்டும். கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று அம்மா மூன்றாவது மாடி பால்கனியில் மிளகாய் போட்டாள். தொட்டியெல்லாம் இல்லை, பெயின்ட் வாளிகள். ஆணியைச் சுட்டு அடியில் ஐந்து துளை. வெயில் பக்கமாக ஒரு வரிசை.

நான்கு வகை இருந்தது. நீளமாக, மெல்லியதாகக் காய்ப்பது வாரம் தவறாமல் காய் கொடுக்கும். அந்த வாளியில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி 'நாத்தனார்' என்று எழுதியிருந்தாள். குண்டு மிளகாய் காய்ந்ததும் உள்ளே விதை உருண்டு கலகலவென்று சத்தம் போடும். அது 'முதலாளி'. ஊசி போல வானத்தைப் பார்த்து நிற்கும் சின்ன வகைக்குத் தண்ணீரும் வேண்டாம், தாட்சண்யமும் கிடையாது. அது 'மேல்வீட்டு டீச்சர்'. நான்காவது, கசங்கிய காகித விளக்கு மாதிரி மஞ்சளாகத் தொங்கும் சுருக்க மிளகாய். மூக்கருகே கொண்டுபோனால் பழுத்த பழத்தின் வாசனை, நாக்கில் வைத்தால் நெருப்பு. அதற்குப் பெயர் வைக்கவில்லை. "கொஞ்ச நாள் பழகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

நாத்தனார் என்றால் என் அத்தை. அப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு நாள் பால்கனிக்கு வந்தவள் பிளாஸ்திரியைப் படித்துவிட்டாள்.

"இது யாரு?"

"நீங்கதான் அண்ணி" என்றாள் அம்மா, கை வேலையை நிறுத்தாமல்.

"எதுக்கு? நீளமா இருக்கேன்னா?"

"ஆமா, நீளம்தான்."

"நாக்குன்னு சொல்லேன். பயமா?"

"நாக்குன்னா டீச்சர் வாளிய உங்களுக்குக் குடுத்திருப்பேன். நீங்க இல்லாம இந்த வீட்ல ஒரு நாள் சமையல் ஓடுதா? அதான்."

அத்தை யோசித்துப் பார்த்தாள். பிறகு நாத்தனாரில் ஒரு பிடி பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அப்பாவுக்கு நாக்கோரத்தில் கட்டி வந்தது. முப்பத்துமூன்று நாள் கதிர் சிகிச்சை. கட்டி போயிற்று. அதோடு எச்சிலில் பாதியும் போயிற்று. மிளகு பட்டால்கூட வாய் வெந்துபோகும். லாரியை விற்றுவிட்டுச் சரக்குக் கிடங்கில் உட்கார்ந்து எழுதும் வேலைக்குப் போனார். எதைப் பற்றியும் குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போது ஒரு மிளகாயை எடுத்து ஒடிப்பார், முகர்ந்து பார்ப்பார், தட்டோரத்தில் வைப்பார். சாப்பிட்டு எழுந்து போவார். மிளகாய் அங்கேயே இருக்கும்.

அம்மா ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"என்னங்க, அத மோந்து பாத்து என்ன ஆகப்போகுது?"

"சும்மா. பழைய வண்டி நம்பர் ஞாபகம் இருக்கான்னு பாத்துக்கிற மாதிரி."

காரம் இல்லாமல், வாசனை மட்டும் உள்ள மிளகாயை அம்மா தேட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். முதலில் குடைமிளகாய் போட்டாள். அப்பா ஒரு துண்டு மென்றுவிட்டு, "வெள்ளரிக்கா மிளகாய் வேஷம் போட்டு வந்திருக்கு" என்றார். வாசனை சுருக்க மிளகாயில்தான் இருந்தது. விதைக்கடைப் பாக்கெட்டுகளாக வாங்கி அதையே வளர்த்தாள். முதல் காய் வந்ததும் நீளவாக்கில் பிளந்து, உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பை இடுக்கியால் எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பத்து எண்ணுவாள். காரம் இருப்பது அந்த நரம்பில்தான். இரண்டு எண்ணுவதற்குள் முகம் கோணிவிடும். மூன்றாம் வருடம் ஒன்பது செடிகளில் ஒன்று, பத்து எண்ணியும் ஒன்றும் செய்யவில்லை. இருபது எண்ணினாள். பிறகு அந்த வாளியில் பிளாஸ்திரி ஒட்டினாள்: 'சாது'.

அடுத்த வருடம் சாதுவின் விதையைப் போட்டாள். எட்டுச் செடியில் ஐந்து காரம். எனக்கு ஃபோன் வந்தது.

"அம்மா சாது, பிள்ளைங்க ரவுடி. நான் யாரு மேல புகார் குடுக்கிறது?"

"பக்கத்து வாளி மேல" என்றேன்.

நான் பிரஷர் கேஜ்களைச் சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். செடி என் பாடம் இல்லை. படித்துவிட்டுச் சொன்னேன். காயின் சதையும் நரம்பும் தாயுடையவை. அதனால் தின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. விதைக்குள்தான் தகப்பன் இருக்கிறான். தேனீ எந்தச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்ததோ, அதன் காரம் அந்த விதையிலிருந்து முளைக்கும் செடியில் வரும். காரம் ஒரு பக்கத்திலிருந்து வந்தால் போதும். காரமின்மை இரண்டு பக்கமும் இருக்க வேண்டும்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னடி?"

"நீ கேக்கல."

"இஞ்சினியரப் பெத்ததுக்கு நல்லா கெடச்சுது. சரி, தேனீ வராம மூடணும். அவ்வளவுதான?"

கடையில் கண்ணாடி வாங்குகிறவர்களுக்கு மெல்லிய துணிப்பை கொடுப்பார்கள். வாயில் நாடா கோத்து இழுத்துக் கட்டுகிற பை, மேலே கடைப் பெயர் அச்சடித்திருக்கும். அச்சுப் பிசகிய பைகள் ஒரு கட்டு மூலையில் கிடந்தது. முதலாளியிடம் கேட்டு வாங்கிவந்தாள். சாதுவின் மொட்டு விட்ட கிளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பை. வெளிக்காற்று படாததால் தினமும் காலை ஒவ்வொரு பையையும் விரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். பூ தன் மகரந்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். காய் பழுக்கும் வரை பையை அவிழ்க்க மாட்டாள். வேறு அடையாளம் கிடையாது. பைக்குள் பழுத்தது விதைக்கு, வெளியே பழுத்தது தட்டுக்கு. விதையைக் காண்டாக்ட் லென்ஸ் டப்பாவின் இரண்டு குழியிலும் போட்டு மூடுவாள். அடுத்த பருவத்தில் அவ்வளவையும் விதைத்துவிடுவாள். மிச்சம் வை என்றால், "பழைய விதைக்கு மறதி ஜாஸ்தி" என்பாள்.

அடுத்த வருடமே எல்லாச் செடியும் சாதுவாகிவிட்டது. அப்பா தட்டோரத்து மிளகாயைத் தின்ன ஆரம்பித்தார். முதல் நாள் அம்மா அதைச் சொல்ல எனக்கு ஃபோன் செய்துவிட்டு, எதற்குச் செய்தோம் என்பதை மறந்து வாடகை, மழை என்று பேசி வைத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்தாள். "ரெண்டு தின்னாரு" என்றாள்.

அத்தைக்குச் சாது பிடிக்கவில்லை. "இதுக்கு நான் இலையையே தின்னுட்டுப் போறேன்" என்றாள். அவளுக்காகக் காரமான சுருக்க மிளகாய் ஒரு வாளி தனியாக, சாதுவுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தது. பை இருக்கும்வரை பயமில்லை.

போன வருடம் ஒரு காலை அம்மா பைகளைச் சுண்டிவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இதயம். வயது ஐம்பத்தொன்பது. அப்பா பேப்பரைப் பார்த்தபடி பத்து நிமிடம் அவளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். அத்தைதான் எல்லாவற்றையும் கவனித்தாள். துக்கம் விசாரிக்கக் கடை முதலாளி வந்தார். அவர் கிளம்பும்போது அத்தை நாற்பது பைகளை அடுக்கி மடித்து அவர் கையில் கொடுத்தாள். "உங்க கடைப் பை. துவைச்சு வெச்சிருந்தா பாவம்" என்றாள். அவர் ஒன்றும் புரியாமல், மறுக்கவும் தெரியாமல் வாங்கிக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ பை என்று நினைத்தேன்.

நாலைந்து வாரம் கழித்து அப்பாவை என்னோடு அழைத்துப் போனேன். தண்ணீர் ஊற்ற யாரிடமும் சொல்லவில்லை. இது என் தவறு. இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது டீச்சர் மட்டும் உயிரோடு நின்றாள். மற்ற வாளிகளில் குச்சிகள். சாதுவின் மூன்று குச்சிகளில் பதினான்கு காய்கள் சருகாகத் தொங்கின.

அப்பா பால்கனிக் கதவில் நின்றார்.

"பை எல்லாம் எங்க?"

அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவள் வந்து வாளிகளைப் பார்த்தாள்.

"துவைச்சுக் காயப் போட்டிருக்கான்னு நெனச்சேன்டா தம்பி. கடைப்பேர் போட்ட பைய செடியில யாருடா மாட்டுவா?"

லென்ஸ் டப்பாவைத் திறந்தேன். இரண்டு குழியும் காலி. இந்தப் பதினான்கு காய்தான் மிச்சம். எது பைக்குள் பிடித்தது, எது பை போன பிறகு அத்தையின் வாளியிலிருந்து தேனீ வந்து பிடித்தது என்று தெரியாது. பதினான்கையும் கடித்துப் பார்த்தாலும் பதினான்கும் சாதுவாகத்தான் இருக்கும்.

"போகட்டும் விடு" என்றார் அப்பா. அன்று சாப்பிடும்போது டீச்சரில் ஒன்றைப் பறித்து ஒடித்தார். முகர்ந்தார். தட்டோரத்தில் வைத்தார்.

மறுநாள் விதைத்தேன். காய்க்கு ஒரு வாளி, வாளிக்கு ஒரு எண். வாரம் ஒருமுறை நான் வந்து பார்ப்பது, மற்ற நாள் அப்பா தண்ணீர் ஊற்றுவது என்று ஏற்பாடு. ஒன்பது முளைத்தது. மொட்டு வந்ததும் கடைக்குப் போனேன். எது சாது என்று தெரியாததால் ஒன்பதுக்கும் பை கட்ட வேண்டும். பின்னறையில் வேறொரு பெண் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து சக்கரத்தில் லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை இன்னும் உயரம் மாற்றவில்லை. முதலாளி இழுப்பறையிலிருந்து அந்த நாற்பது பையை எடுத்தார், அத்தை மடித்த மடிப்புக் கலையாமல்.

"வாடிக்கையாளருக்குக் குடுக்க மனசு வரல. என்ன பண்றதுன்னும் தெரியல" என்றார். "செடிக்கா? அம்மா செடிக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போனப்போ வெளையாடுறாங்கன்னு நெனச்சேன்."

மூன்று மாதத்தில் காய் வந்தது. அப்பா தானே கடித்துப் பார்ப்பதாகச் சொன்னார். அத்தை விடவில்லை.

"நீ பேசாம இரு. ஒனக்கு வாய் கிடையாது. இவளுக்கு அவ அம்மா நாக்கு, தாங்காது. நான் அவுத்த பை, நான்தான் திங்கணும்."

சமையலறை மேஜையில் ஒரு டம்ளர் பால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எண் சொல்லி, வெள்ளை நரம்பைக் கீறிக் கொடுத்தேன். பத்து எண்ணினேன்.

இரண்டு: காரம். மூன்று: காரம். ஐந்து: காரம், "நல்லா இருக்கு, இத எனக்கு எடுத்து வை." ஆறு, எட்டு, ஒன்பது: காரம். கண்ணும் மூக்கும் ஓடியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"போதும்க்கா" என்றார் அப்பா.

"நீ சும்மா இருடா. அடுத்தது."

பதினொன்று. நான் பத்து எண்ணினேன். அத்தை அசையவில்லை.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்ணுமே இல்லம்மா. பழ வாசனை மட்டும்தான் வருது."

அவள் நாக்கு மரத்திருக்கலாம். பால் குடித்து, கால் மணி நேரம் விட்டு, வேறொரு காயில் மறுபடி பார்த்தோம். நானும் வைத்துப் பார்த்தேன். பத்து, இருபது, முப்பது. ஒன்றும் இல்லை. பன்னிரண்டு காரம். பதின்மூன்று, ஒன்றும் இல்லை. ஒன்பதில் இரண்டு. ஒன்றே போதும்.

அப்பா பதினொன்றில் ஒரு காயைப் பறித்துவந்தார். ஒடித்தார். முகர்ந்தார். வாயில் போட்டு மெதுவாக மென்றார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்தோம்.

"என்னடா? சொல்லேன்" என்றாள் அத்தை.

"வண்டி எடுக்கலாம் போல இருக்கு" என்றார். இன்னொன்று பறிக்கப் போனார்.

விதை எடுத்துவிட்டேன். லென்ஸ் டப்பாவின் இடது குழியில் உள்ளதை இந்தப் பருவம் விதைத்தேன். வலது குழியில் உள்ளதைத் தொடவில்லை. மறதி இருந்தாலும் பரவாயில்லை. பைகளைச் சுண்டுவது அப்பாவின் வேலை. காலை ஏழு மணிக்குச் சுண்டிவிட்டு, எல்லாம் சுண்டியாயிற்று என்று எனக்குச் செய்தி அனுப்புகிறார்.

போன வாரம் அத்தை வந்தாள். காரத்தில் இரண்டு, சாதுவில் ஒன்று, நாற்றாக எடுத்துக்கொண்டாள். தன் வீட்டு மாடியில் தள்ளித் தள்ளி வைப்பாளாம். "இங்க என்னமாவது ஆச்சுன்னா அங்க ஒண்ணு இருக்கட்டும்" என்றாள். சாது வாளியில் ஒட்டப் பிளாஸ்திரி கேட்டாள். கொடுத்தேன். அதில் 'தம்பி பொண்டாட்டி' என்று எழுதினாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். "அவ சாதுவா?"

"இல்லதான்" என்றாள் அத்தை, பிளாஸ்திரியை வாளியில் அழுத்தித் தேய்த்தபடி. "இருந்தாலும் ஒட்டிட்டேன்."