தாடையில் ஒரு நெளிவு

சிட்டக்கா! உன் பெயர் அன்னலட்சுமி என்பதே எனக்குத் தெரியாது. மான்குர்திலிருந்து உன் பக்கத்து வீட்டுக்காரி போனில், "அன்னலட்சுமி தவறிட்டாங்க" என்றதும், "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்து, "நம்ம சிட்டும்மா" என்றாள். என் பிரஷிலிருந்து சிவப்பு சொட்டிச் சேலையில் விழுந்தது. அந்தக் கறையை இன்னும் எடுக்கவில்லை.

உன்னிடம் பேசுகிற சாக்கில் உன்னைத் தெரிந்த எல்லோருக்கும் சொல்கிறேன். தாராவியில் நம் முதலாளி பாயின் பட்டறையில், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காகப் பொம்மைத் தலை செய்கிறார்கள். தோல் உரித்த முகமும் கழுத்துமாக இருக்கும். அதில் ரத்தக்குழாய்களுக்கு வண்ணம் தீட்டியது நாங்கள் இரண்டு பேர். தலைக்கு ரத்தம் கொண்டுபோவது சிவப்பு, திரும்பக் கொண்டுவருவது நீலம்.

சேர்ந்த புதிதில், கழுத்தில் ஒரு சிவப்புக் குழாய் இரண்டாகப் பிரிவதைப் பார்த்து விழித்தேன். நீதான் சொன்னாய்: "உள்ள போறது என் நாத்தனா மாதிரிட்டி. கழுத்துல யாருக்கும் ஒண்ணும் குடுக்காம நேரா மூளைக்குப் போயிரும். வெளிய போறது நான். தொண்டை, நாக்கு, முகம், காதுன்னு எல்லார் வீட்டுக்கும் போயிட்டுத்தான் மேல ஏறுவேன்." படித்தவர்கள் சொல்லும் பெயர் இன்றும் என் வாயில் நுழையாது. நாத்தனார், சிட்டு என்று சொல்லித்தான் தீட்டுகிறேன். ஒரு தடவைகூட மாறியதில்லை.

தலை வார்க்கும் அச்சு பழசாகி, தாடையைத் தாண்டி முகத்துக்கு ஏறும் குழாயின் நெளிவு தேய்ந்துபோயிருந்தது. நான் நேராகவே கோடு இழுத்தேன். நீ துணியால் துடைத்துவிட்டாய்.

"ஏட்டி, இப்படி விறைப்பா வச்சா இந்தாளு எப்படி வாயத் தொறப்பான்? சிரிச்சா இழுக்கும்லா?"

"பொம்மை சிரிக்குமாக்கா?"

"பொம்மை சிரிக்காது. இதப் பாத்துப் படிக்கிற புள்ள நாளைக்கு சிரிக்கிற மனுசனுக்குத்தானே வைத்தியம் பாக்கும்?"

பாய் "ஜல்தி, ஜல்தி" என்று வந்தார். அவரையே உட்கார வைத்து, "பல்லக் கடிங்க பாய்" என்றாய். தாடை எலும்பின் அடிவிளிம்பில் அவர் விரலையே வைக்கச் சொன்னாய். துடிப்பு தட்டுப்பட்டதும் மனிதர், "அட, இத்தனை வருசமா சவரம் பண்றேன், இங்க ஒண்ணு ஓடுறது தெரியலியே!" என்றார். அதற்கப்புறம் உன்னை அவசரப்படுத்தியதில்லை.

காய்ச்சல் என்று நீ வீட்டுக்குப் போன அன்று ஒரு தலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாய். வலப்பக்கம் உன் கை தீட்டியது. இடப்பக்கம் வெறும் வெள்ளை. "நீயே முடிம்மா. ஆர்டர் நாளைக்குப் போவணும்" என்று நேற்று சொன்னார் பாய். அந்த போன் வந்ததிலிருந்து மூன்று நாளாக அதைத் தொடாமல் வைத்திருந்தேன். நான் கெடுத்தால் உன் பக்கமும் வீணாகிவிடுமே என்ற பயம்.

இன்று உன் மெல்லிய பிரஷை எடுத்தேன். பல்லைக் கடித்து, என் தாடையில் விரல் வைத்தேன். துடித்தது. விரலை எடுக்காமலே மறு கையால் இழுத்து முடித்தேன். அழவில்லை, அக்கா. நிறைவாகத்தான் இருந்தது.

பிரஷ் இனி என்னிடம்தான் இருக்கும். அந்த நெளிவும் கையில் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லைதான். ஆனால் நீ எப்போதும் வாய்விட்டுச் சிரிப்பாயே, அந்தச் சிரிப்புக்கு நான் போட்ட நெளிவு போதுமா, சிட்டக்கா?