சிவப்பா, வெள்ளையா? ஒரு வேப்பங்கிளையும் எங்கள் வேண்டுதலும்

போன வருஷம் வைகாசியில் என் தலைக்கு மேலே ஆபத்து தொங்கியது. பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே தலைக்கு மேலேதான் தொங்கியது.

கோட்டையூரில் எங்களுக்குச் சின்ன ஓட்டு வீடு. இருப்பதே இரண்டு அறை. பின்னால் பெரிய வேப்ப மரம். அதன் ஒரு கிளை இரண்டு அறைக்கும் மேலே படுத்துக் கிடந்தது. கோடை மழை ஒரு நாள் காற்றோடு அடித்து ஓய்ந்த பிறகு நிமிர்ந்து பார்க்கிறேன், அந்தக் கிளை பிரிகிற கவட்டில் வெடிப்பு. விரல் நுழையும் போலிருந்தது. அதற்குள்ளிருந்து கட்டெறும்பு சாரை சாரையாக இறங்கியது.

அந்த நேரம் பார்த்து என் மகள் கவிதா தலைப்பிரசவத்துக்காக தேவகோட்டையிலிருந்து வந்திருந்தாள். நிறைமாதம். அவள் படுப்பதும் அந்த ஓட்டுக்குக் கீழேதான், பிறகு தொட்டில் கட்டப்போவதும் அங்கேதான். ஆடிக் காற்று வேறு வரப்போகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெட்டிவிட வேண்டியதுதானே என்பீர்கள். எப்படி வெட்டுவது? அந்த மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, செவ்வாய்க்கிழமை தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறவர் அடுத்த வீட்டு ராஜாத்தி அக்கா. நான் வாயைத் திறந்ததுமே, "அடி ஆத்தே! அது மாரியாத்தாடி. வயித்துப் பிள்ளக்காரிய வீட்ல வச்சுக்கிட்டு அருவாளத் தூக்குவியா?" என்று ஒரு பிடி பிடித்துவிட்டார். பயந்து போனேன். வெட்டினாலும் பயம், விட்டாலும் பயம்.

சரி, ஆத்தாளையே கேட்போம் என்று நானும் என் வீட்டுக்காரரும் தெருமுனை மாரியம்மன் கோயிலுக்குப் பூக் கேட்கப் போனோம். சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம். இரண்டையும் அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு பூசாரி ஒன்றை எடுப்பார். கேள்வியை மனசுக்குள்தான் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைக்குடியில் டயர் கடை வைத்திருக்கிறார். வாயில் முத்து இருக்கிறதோ என்னவோ, திறந்தால் கொட்டிவிடும் என்று மூடியே வைத்திருப்பார்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

என் நெஞ்சு உடைந்தது. வெட்டாதே என்று சொல்லிவிட்டாள். வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். அவர் வழக்கம்போல நாலடி முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "வேண்டாம்னுட்ட, சரி. அப்ப என் பிள்ளைய நீயே பாத்துக்க. எனக்கு வேற நாதியில்ல ஆத்தா" என்றேன். வேறு ஜெபமோ மந்திரமோ எனக்குத் தெரியாது. அதைத்தான் தினமும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மரம் வெட்டும் சேகர் இரண்டு ஆட்கள், வடம், மெஷின் ரம்பம், தலைக்கவசம் சகிதமாக வாசலில் வந்து நிற்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரு வரச் சொன்னது?"

"அண்ணன்தான் போன் பண்ணுச்சு."

நான் உள்ளே பாய்ந்தேன். "ஏங்க, ஆத்தா வேணாம்னு சொல்லியும் ஆளக் கூப்புட்டிருக்கீக? ஒங்களுக்கு என்ன கிறுக்கா?"

"வேணாம்னா? செவப்புல்ல வந்துச்சு?"

"செவப்புன்னா வேணாம்னுதான?"

"எந்த ஊர்ல? செவப்பு ஆத்தா நிறம். செவப்புன்னா உத்தரவு."

எந்த ஊரிலா? என் பிறந்த ஊர்ப் பக்கம், கல்லலில், வெள்ளைதான் உத்தரவு. இவர் வீட்டுப் பக்கம் சிவப்பு. கல்யாணமாகி மகளுக்கே கல்யாணம் முடித்தாயிற்று, இத்தனை வருஷமும் ஒரே சந்நிதியில் நின்று ஆளுக்கொரு பாஷையில் பதில் வாங்கியிருக்கிறோம்! எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ராஜாத்தி அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "இதுக்குத்தான் புருசன் பொண்டாட்டி பேசிக்கிறணும்ங்கிறது" என்றார்.

மறுபடி பூக் கேட்கலாமா என்றால், ஒரே கேள்வியை ஆத்தாளிடம் இரண்டு தரம் கேட்கக் கூடாது. நான் கண்ணை மூடி, "குழப்பிட்ட, நீயே தெளிய வையி" என்று நின்றேன். அப்போதுதான் ஜன்னலுக்குள்ளிருந்து கவிதா சிரிக்கிற சத்தம் கேட்டது.

"எம்மா, ஆத்தா சரியாத்தான் சொல்லியிருக்கா. ஒங்கிட்ட வெட்டாதேன்னா. அப்பாகிட்ட வெட்டுன்னா. ரெண்டையும் சேத்துப் பாருங்க."

சேகர் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தார். "மரம் கல்லு மாதிரி இருக்கு. சீக்கு அந்தக் கெளையிலதான். அத மட்டும் கழிச்சு விட்டாப் போதும்."

கழிப்பது! அந்த ஒரு சொல்லில் ராஜாத்தி அக்காவே இறங்கி வந்துவிட்டார். "கழிப்புக் கழிக்கிறதுன்னா சரித்தான். திருஷ்டி கழிக்கிற மாதிரி" என்று சொல்லி, சூடம் கொளுத்தி, மரத்தைச் சுற்றி அவரே ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டிப் போட்டார்.

ஈ.பி. ஆபீசுக்குச் சொல்லி லைனை நிறுத்தினார்கள். எங்களை எல்லாம் அக்கா வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கிளையை மேல்கொம்பில் வடம் போட்டுக் கட்டி, நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கினார்கள். ஒவ்வொரு துண்டும் பூனைக்குட்டி மாதிரி மெதுவாகத் தரைக்கு வந்தது. உடைந்தது ஒரே ஓடு. அதுவும் சொன்ன பேச்சைக் கேட்காமல் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர் கை வைத்து உடைத்தது.

கவட்டருகே அறுத்த துண்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. கறுப்பாக மாவு கொட்டியது. கையை விட்டால் முழங்கை வரை போனது. இதுதான் என் மகள் தலைக்கு மேலே இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முழு மரத்தையும் வெட்டியிருந்தால் ஒரு பாவமும் அறியாத நல்ல மரம் போயிருக்கும். பேசாமல் விட்டிருந்தால், நினைக்கவே நடுங்குகிறது. ஒரு பூவில் இரண்டு பதில் சொல்ல அவளால்தான் முடியும்.

பேத்தி சுகமாகப் பிறந்தாள். ஆடியில் ஒரு மத்தியானம் காற்று பேயாட்டம் ஆடியது. எதிர்வீட்டுத் தகரம் பறந்து தெருவில் விழுந்தது. நான் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஓட்டின் மேல் வேப்பம்பழம் மட்டும் பொட்டுப் பொட்டென்று விழுந்தது. பிள்ளை தூக்கத்தில் சிரித்தாள். ஆத்தா, உனக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்!

முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் பயந்து சாவேன். இப்போது அவளிடம் சொல்லிவிட்டு, ஆக வேண்டிய காரியத்தைப் பார்க்கிறேன். உங்கள் வீட்டின் மேலும் ஏதாவது தொங்கிக்கொண்டிருக்கும். கிளையோ, கவலையோ. அவளை நம்பிக் கேளுங்கள், கட்டாயம் பதில் வரும். வேலை தெரிந்த ஆளையும் கூப்பிடுங்கள், அவர்களையும் அவள்தான் அனுப்புகிறாள். முக்கியமாக, பக்கத்தில் நிற்பவரிடம் எந்தப் பூ எதற்கு என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

பேத்திக்குப் பெயர் வைக்கும் உரிமையைச் சம்பந்தி வீட்டார் பெரிய மனசோடு எங்களுக்கே கொடுத்தார்கள். பூக் கேட்கப் போனோம். இந்தத் தடவை என் வீட்டுக்காரர் கோயிலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திச் சொன்னார்: "வெள்ளன்னா இவ சொல்ற பேரு, செவப்புன்னா நான் சொல்ற பேரு!"

நான் முத்துமாரி என்று நினைத்திருந்தேன். வந்தது சிவப்பு. அவர் என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று அப்போதும் எனக்குத் தெரியாது. "சொல்லுங்களேன்" என்று பூசாரி கேட்டதும், மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"மீனாள்."

அது என் பெயர்.