மிச்சமிருந்த வலது கண்

எங்கள் நாய்க்கு வலது கண் ஒன்றுதான் தெரியும். அந்தக் கண்ணின் மேல் விழுகிற முடியை நான் வெட்ட வேண்டும். தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய என் கணவரோ என்னிடம் பேச்சை நிறுத்தியிருந்தார்.

இடது கண் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். முகமெல்லாம் முடி மண்டிக் கிடக்கிற ஷிட்சூ ஜாதி அது. மகள் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். எண்ணெய் வைக்காத தலை வீட்டுக்குள் நடமாடினால் என் கணவருக்குப் பொறுக்காது. காலையில் தான் தேய்த்தது போக உள்ளங்கையில் மிஞ்சிய தேங்காயெண்ணெயை அதன் நெற்றியிலும் தடவி, வகிடெடுத்துச் சீவிவிடுவார். அதுவும் பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளை மாதிரி நின்றுகொடுக்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தச்சநல்லூரில் ஆனிக் காற்று புழுதியோடுதான் வரும். எண்ணெயில் மண் ஒட்டி, முடி ஈர்க்குச்சியாக விறைத்து, இடது கண்ணைக் குத்திப் புண்ணாக்கிவிட்டது. மருத்துவரிடம் போனபோது பிந்திப்போயிற்று. கருவிழியில் வெள்ளை விழுந்துவிட்டது.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. வீட்டுக்குள் நுழைந்ததுமே, "உங்க எண்ணெய்தான் அது கண்ண அவிச்சிட்டு" என்றேன். அவர் எண்ணெய்ப் புட்டியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அதன்பிறகு தன் தலைக்கும் எண்ணெய் வைக்கவில்லை. எங்கள் பேச்செல்லாம் நாய் வழியாக நடந்தது. "ஏலே, கேஸ் தீந்துட்டுன்னு உங்கம்மாட்ட சொல்லு" என்பார். அது இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டும்.

ஆடி பிறந்ததும் வலது கண்ணிலும் முடி விழுந்து பீளை கட்ட ஆரம்பித்தது. முடி வெட்ட வழக்கமாக வருகிற ஆள் ஊரில் இல்லை. மருத்துவர் போனில் கறாராகச் சொன்னார். "தள்ளிப்போடாதீங்கம்மா. இன்னைக்கே வீட்டுல வெட்டிருங்க. முனை உருண்ட கத்திரிக்கோலா இருக்கணும். முனை கண்ணப் பாக்கவே கூடாது. தனியா மட்டும் செஞ்சிராதீங்க, ஒரு ஆள் தாடையப் பிடிக்கணும்."

மூக்கு முடி வெட்டுவதற்கென்று விற்கிற சின்னக் கத்திரிக்கோல் ஒன்று வாங்கினேன். முடி பறக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைச் சாத்தினேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நாயை மடியில் வைத்துக்கொண்டார். ஆறின வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பீளையைத் துடைத்தேன்.

"ஏலே, தாடைய நல்லாப் பிடிக்கச் சொல்லு உங்கப்பாட்ட."

"பிடிச்சாச்சுன்னு சொல்லுலே. பைய வெட்டச் சொல்லு."

மூக்குக்கு மேலே இருந்ததை முதலில் வெட்டினேன். அது சுலபம். பிறகு கண்ணின் ஓரம். சீப்பால் முடியைத் தூக்கி, கத்திரிக்கோலைக் கண்ணுக்குக் குறுக்கே போகாமல் படுக்கையாகப் பிடித்தேன். என் புருவத்திலிருந்து வியர்வை இறங்கியது. துடைக்கக் கை இல்லை. தெரிகிற கண் கத்திரிக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. இதுவும் போனால் இந்த ஜீவன் சுவர் சுவராக முட்டிக்கொண்டு நடக்கும். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் எதை நடுவில் வைத்துப் பேசுவது?

வெட்டின முடி ஒன்று அதன் மூக்கில் விழுந்திருக்க வேண்டும். உடம்பு ஒரு தூக்குத் தூக்கியது.

"ஏட்டி, கைய எடு!"

அவர் கத்துவதற்குள் நாய் தும்மிவிட்டது. கத்திரிக்கோலும் மூடிவிட்டது. கண்ணோரத்து வெள்ளை முடியில் சிவப்பாகப் படர்ந்தது.

கத்திரிக்கோலை வீசியெறிந்தேன். "போச்சே, இந்தக் கண்ணும் போச்சே!" பஞ்சால் ஒற்றினேன். மறுபடியும் ரத்தம் வந்தது. கண்ணைப் பார்க்கத் தைரியமில்லை. அப்போது என் கையை அது நக்கியது. பார்த்தேன். கண் நன்றாகத் திறந்திருந்தது. கறுப்பாக, ஈரமாக, ஒரு கீறல்கூட இல்லாமல்.

ரத்தம் அவர் பெருவிரலிலிருந்து வந்துகொண்டிருந்தது. தாடையைப் பிடித்த கையின் பெருவிரலை மேலே நீட்டி, கண்ணுக்கும் கத்திரிக்கோலுக்கும் நடுவில் வைத்திருந்திருக்கிறார். முடி மறைத்ததில் எனக்குத் தெரியவில்லை.

"விரல ஏன் அங்கன கொண்டு வச்சிய?" என்று கத்தினேன்.

"எனக்கு விரல் பத்து கெடக்கு. அதுக்குக் கண்ணு ஒண்ணுதான இருக்கு" என்றார். நாயிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

விரலைக் கழுவித் துணி சுற்றிக் கட்டினேன். கண்ணோரத்தில் இன்னும் ஒரு கற்றை தொங்கிக்கொண்டிருந்தது.

"இது கெடக்கட்டும், நாளைக்குப் பாத்துக்கிடுவோம்" என்றேன்.

"அதுதான் குத்தும். வெட்டு."

நாயை மடியில் திருப்பி உட்காரவைத்து, மறு கையின் பெருவிரலை அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.